முன்னிற்குஞ் சுரப்பிப் புற்றுநோயும் அதன் இருவகைச் சிகிச்சையும்

கண்டியிலிருந்து கம்பளை, புசல்லாவை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் வீதி, இறம்பொடையை அண்மித்ததும் வளைவின்மேல் வளைவாக மலைமேற் செல்லும். 109 மீற்றர் உயரத்திலிருந்து விழும் நீர்வீழ்ச்சியையும், கீழே விரிந்து கிடக்கும் கொத்மலை நீர்த்தேக்கத்தையும், தேயிலை மலைகளின் நடுவே எழுந்து நிற்கும் ஆஞ்சநேயர் கோயிலையும் காண வருவோர்க்கு அஃது இன்பப் பயணம். அதே வீதியில், விடியுமுன் பஸ் ஏறி, எதிர்த்திசையிற் கண்டிப் பெரியாஸ்பத்திரிக்கு இறங்கும் முதியவர் ஒருவரை நினைத்துப் பார்ப்போம். அவருக்கு வந்திருப்பது முன்னிற்குஞ் சுரப்பிப் புற்றுநோய். அவருக்கு விதிக்கப்பட்டது இருவகைச் சிகிச்சை: ஒன்று ஊசி, மற்றொன்று கதிர். ஊசி மூன்று மாதத்துக்கொரு முறை, கதிரோ நாடோறும். ஊசி போட்ட சில கிழமைகளில் அவருடைய முதுகுநோ தணிந்தது. இரவிலே பலமுறை எழுந்து வெளியே செல்லும் தொல்லையும் குறைந்தது. இனிக் கதிர் எதற்கு, இத்தனை நாள் இந்த வளைவுகளில் இறங்கி ஏறுவது எதற்கு என்று அவர் தம்முள் வினவுகின்றார். அவ்வினா நியாயமானதே. அதற்குரிய விடையே இக்கட்டுரையின் பொருள்.

முன்னிற்குஞ் சுரப்பி ஆண்மக்களுக்கு மட்டுமே உரிய உறுப்பு. ஆங்கில வழக்கையொட்டிப் புரொஸ்டேற் என்றும் அதனைச் சொல்வர். பெரியதொரு நெல்லிக்காயளவினதாய், சிறுநீர்ப்பையின் கீழே, நேர்குடலுக்கு முன்னே, சிறுநீர் வெளியேறும் குழாயைச் சூழ்ந்து அஃது அமைந்துள்ளது. விந்தோடு கலக்கும் நீர்மத்தைச் சுரத்தலே அதன் தொழில். அது நிற்கும் இடமே பிற்காலத்தில் அதனால் வரும் தொல்லைகளுக்கும் காரணமாகின்றது. குழாயைச் சூழ்ந்த பொருள் பருத்தால் குழாய் நெருக்குண்ணும். நீர் தாமதித்து வரும், தாரை மெலியும், இரவில் அடிக்கடி எழவேண்டி நேரும்.

இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். இத்தகைய தொல்லை உடையவர் எல்லாரும் புற்றுநோயாளர் அல்லர். முதுமையிலே இச்சுரப்பி தீங்கற்ற முறையிற் பருத்தல் மிகப் பொதுவானது. அது வேறு, புற்றுநோய் வேறு. புற்றுநோயோ பெரும்பாலும் சுரப்பியின் வெளியோரத்தில் தொடங்கி, நெடுங்காலம் யாதொரு குறியுங் காட்டாது வளரும். பின்னர் என்புகளுக்கு, சிறப்பாக முள்ளந்தண்டுக்கும் இடுப்பென்புக்கும் பரவும். அப்பொழுது தோன்றும் முதுகுநோவை, நாற்பது ஆண்டு கான் வெட்டியும் கவ்வாத்துச் செய்தும் முதுகு வளைந்த ஒருவர் தொழிலின் விளைவெனவே கருதுவார். எண்ணெய் பூசி, கம்பளியாற் போர்த்து, அதனோடு வாழ்ந்துவிடுவார். இரவிலே நீர் மிகுவதற்கோ மலைக்குளிரைக் காரணங் காட்டுவார். மேலும், இவ்வுறுப்புப் பற்றிய பேச்சு மனைவியிடமும் வாராது, மகனிடமும் வாராது. தோட்டத்து மருந்தகத்திலே அயலவர் பலர் வரிசையாக நிற்கையில் அதைச் சொல்ல நா எழாது. இந்நோய் பிந்தி வெளிப்படுவதற்கு நோயின் இயல்பு பாதிக் காரணம். எம்மவரின் நாணம் மீதிப் பாதி என்பது என் துணிபு.

நோயை அறியும் வழிகள் மூன்று. வைத்தியர் நேர்குடல் வழியே விரலாற் சுரப்பியைத் தொட்டுணர்வார், இரத்தத்திற் பீ.எஸ்.ஏ. என்னும் புரதத்தின் அளவைப் பார்ப்பார்; ஐயம் வலுப்பின் நுண்ணிய ஊசியாற் சுரப்பியின் துணுக்குகளை எடுத்து இழையப் பரிசோதனைக்கு அனுப்புவார். பீ.எஸ்.ஏ. உயர்ந்தமையால் மட்டும் புற்றுநோய் என முடிவுகட்டல் ஆகாது. தீங்கற்ற வீக்கத்திலும், சிறுநீர்வழியிற் கிருமி தொற்றிய காலத்திலும் அது உயரும். முடிவு சொல்லத்தக்கது இழையமே. அதன் பின்னரே நோய் சுரப்பிக்குள் அடங்கியதா, அயலிடங்களைப் பற்றியதா, என்புவரை சென்றதா என்பதைப் படக்கருவிகளால் ஆராய்வர். சிகிச்சை எது என்பதும், அது நோயை நீக்கும் நோக்கினதா, அடக்கி வைக்கும் நோக்கினதா என்பதும் இவ்வாராய்ச்சியைப் பொறுத்தன.

இனி ஊசியின் வரலாற்றுக்கு வருவோம். விதை நீக்கப்பட்ட விலங்குகளில் இச்சுரப்பி சுருங்கிப் போதலை 18ஆம் நூற்றாண்டிலேயே ஜோன் ஹன்ரர் என்னும் ஸ்கொத்லாந்து அறுவை வைத்தியர் குறித்துள்ளார். ஆயினும் அதன் பயனை உணர்ந்தவர் கனடாவிற் பிறந்து அமெரிக்காவின் சிக்காக்கோப் பல்கலைக்கழகத்திற் பணியாற்றிய சாள்ஸ் ஹகின்ஸ் ஆவார். (எம்மவரான வானியல் அறிஞர் சந்திரசேகர் 1937 முதற் பணியாற்றியதும் அப்பல்கலைக்கழகத்திலேதான்.) ஹகின்ஸ் நாய்களை ஆராய்ந்தார். மனிதனைப் போலவே முதுமையில் இச்சுரப்பி நோயுறும் விலங்குகள் மிகச் சில; நாய் அவற்றுள் ஒன்று. விதைகள் சுரக்கும் தெஸ்தோஸ்தெரோன் என்னும் ஆண் ஓமோன் இல்லாதொழியின் சுரப்பி வாடுவதை அவர் கண்டார். 1941இல், என்புவரை பரவிய நோயுடையோருக்கு விதைகளை நீக்கியும், வேறு சிலருக்குப் பெண் ஓமோனைக் கொடுத்தும், நோயின் அளவைக் காட்டும் இரத்த நொதியம் வீழ்ச்சியுறுவதை ஹொட்ஜஸ் என்பவரோடு சேர்ந்து வெளியிட்டார். ஆண் ஓமோனை ஏற்றியபோது அந்நொதியம் மீண்டும் உயர்ந்தது. படுக்கையை விட்டு எழ இயலாதிருந்தவர் சிலர் நோத் தணிந்து எழுந்து நடந்தனர். புற்றுநோய்க் கலங்கள் உடலின் ஆணைக்கு ஒருபோதும் அடங்காதன என்று அந்நாளில் நம்பியிருந்தோர்க்கு இது பெருவியப்பு. நோபெற் பரிசு அவரை வந்தடையக் கால் நூற்றாண்டு சென்றது, ஆண்டு 1966.

விதை நீக்கம் மீளாதது, பலர் மனங்கொள்ளாதது. பெண் ஓமோன் மாத்திரையோ இரத்தம் உறைதலையும் இருதய நோயையும் கொண்டுவந்தது. மூன்றாவது வழி மூளையின் ஆராய்ச்சியிலிருந்து வந்தது. விதைகள் தாமாகச் சுரப்பனவல்ல. மூளையின் அடியிலுள்ள பரிவகக்கீழ் என்னும் பகுதி அதன் கீழுள்ள கபச்சுரப்பிக்கு ஆணையிடும். கபச்சுரப்பி விதைகளுக்கு ஆணையிடும். முதலாம் ஆணையைச் சுமந்து செல்லும் பொருளைத் தேடி, இலட்சத்துக்கு மேற்பட்ட பன்றிகளின் மூளைப் பகுதிகளைப் பிரித்தாராய்ந்த அன்ட்ரூ ஷல்லியின் குழுவினர் 1971இல் அதன் அமைப்பை வெளியிட்டனர். பத்து அமினோவமிலங்கள் கோத்த சிறு சங்கிலி அது. ஷல்லியும், அவரோடு போட்டியிட்டு அதே பொருளை ஆராய்ந்த கியூமினும் 1977இல் நோபெற் பரிசிற் பங்கு பெற்றனர்.

இப்பொருளைச் சிறிது மாற்றிச் செய்தனவே கோசரெலின், லியூப்ரோரெலின் முதலிய இன்றைய ஊசி மருந்துகள். ஆணையிடும் பொருளையே ஊசியாற் கொடுத்தாற் சுரப்பு மிகாதோ எனச் சிந்தனையுடைய மாணவர் கேட்பர். விடையை எமது தோட்டத்து வாழ்விலிருந்தே சொல்லலாம். முற்காலத்தில் விடியுமுன் தப்பு முழங்கும். அது கேட்டு லயத்தவர் எழுந்து பிரட்டுக்களத்துக்குச் செல்வர். நாளுக்கொரு முறை முழங்குவதாலன்றோ அதற்கு மதிப்பு! இரவும் பகலும் ஓயாது தப்பு அடித்துக்கொண்டிருந்தால், முதல் இரண்டொரு நாள் யாவரும் பதறி ஓடுவர். பின்னர் ஒருவரும் காது கொடார். பரிவகக்கீழின் ஆணையும் ஏறத்தாழ ஒன்றரை இரண்டு மணிக்கொரு முறையே இயல்பாக எழும். ஊசிமருந்து அதனை இடையறாத முழக்கமாக்கிவிடுகின்றது. கபச்சுரப்பி முதலிலே கிளர்ந்து, பின் செவிடாகின்றது. மூன்று நான்கு கிழமைகளில் ஆண் ஓமோன், விதை நீக்கியவரிடத்துள்ள அளவுக்கு இறங்கிவிடும்.

அம்முதற் கிளர்ச்சியிலே ஓர் ஆபத்து உண்டு. முதலிரு கிழமைகளில் ஓமோன் குறையாது உயர்வதால் நோயும் சிறிது பொங்கும். முள்ளந்தண்டிற் பரவிய நோயுடையவர்க்கு அப்பொங்குதல் முண்ணாணை நெருக்கிக் காலை முடக்கவுங் கூடும். ஆதலால் ஊசிக்கு முன்னரோ உடனாகவோ தொடங்கி, பைகலூற்றமைட் போன்ற மாத்திரைகளைச் சில கிழமைகளுக்கு வைத்தியர் கொடுப்பர். அவை ஓமோன் கலத்திற் சென்று பொருந்தும் இடத்தை முன்கூட்டியே அடைத்துக்கொள்ளும். ‘ஊசிதான் போட்டாயிற்றே, மாத்திரை எதற்கு’ என அதனைப் பெட்டியில் வைத்துவிடுவது பிழை. கால் மரத்தல், நடை தளர்தல், சிறுநீர் அடைத்தல் ஆகியவை தோன்றின் அடுத்த கிளினிக் நாள் வரையிற் காத்திராது அன்றே ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும்.

ஊசி செய்யும் தொழில் இதுவே. ஆயின் அது செய்யாததும் ஒன்றுண்டு. ஓமோனை நிறுத்துதல் புற்றுநோய்க் கலங்களின் உணவை நிறுத்துதல் போன்றது. பல கலங்கள் மடியும், பல வாடி ஒடுங்கும், எல்லாம் அழிவதில்லை. கட்டி சுருங்குவதாற் குழாயின் நெருக்கம் தளரும், நோத் தணியும், பீ.எஸ்.ஏ. வீழும். நோயாளர் நலமுற்றதாக உணர்வார், அவ்வுணர்வு பொய்யுமன்று. ஆயினும் ஒடுங்கிய கலங்களிற் சில, காலப்போக்கில் ஓமோன் மிகக் குறைந்த நிலையிலும் வாழக் கற்றுக்கொள்கின்றன. கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடி பட்டதுபோலத் தோன்றி மறுபடி துளிர்ப்பதை நாம் கண்டிருக்கிறோம். நோய் சுரப்பியையும் அதன் அயலையும் தாண்டாத நிலையில் இருப்பவர்க்கு ஊசி மட்டும் போதாது என்பதன் காரணம் இது.

இது வெறும் அநுமானமன்று. சுவீடனைச் சேர்ந்த விட்மார்க் என்பவரும் அவருடைய துணைவரும் நோர்டிக் நாடுகளில் 875 பேரிடம் நடத்திய ஆய்வு 2009இல் வெளியாயிற்று. நோய் அயலிடத்தளவில் முற்றியிருந்தும் தூரப் பரவாதவரே அதில் இடம்பெற்றனர். ஒரு சாராருக்கு ஓமோன் சிகிச்சை மட்டும். மற்றவர்க்கு அதனோடு கதிர்ச்சிகிச்சையும். பத்தாண்டுகளில், ஓமோன் மட்டும் பெற்றவருள் நூற்றுக்கு 23.9 பேர் இந்நோயால் மாண்டனர். இரண்டும் பெற்றவருள் 11.9 பேர். ஏறத்தாழச் சரிபாதி. இதன் மறுபக்கத்தை பிரான்சு தேசத்து பொல்லா என்பவர் 1997இலேயே காட்டியிருந்தார். அவருடைய ஆய்வில் 415 பேர். கதிர் மட்டும் பெற்றோரில் ஐந்தாண்டு வாழ்ந்தவர் நூற்றுக்கு 62, மூன்றாண்டு கோசரெலின் ஊசியையும் சேர்த்துப் பெற்றோரில் 79. எனவே ஊசி கதிருக்குத் துணை. கதிர் ஊசிக்குத் துணை. முதலிற் கூறிய முதியவரின் வினாவுக்கு இவ்விரு ஆய்வுகளுமே நேரான விடை.

இரண்டும் சேரும்போது பயன் மிகுவதற்கு ஒரு காரணமும் இன்று துலங்கியுள்ளது. கதிரானது கலத்தின் கருவிலுள்ள டீ.என்.ஏ. இழையை அறுக்கின்றது. கலமோ அறுந்ததைத் திருத்திக்கொள்ளும் ஆற்றலுடையது. அத்திருத்த வேலையை ஆண் ஓமோன் ஊக்குவிக்கின்றது என்பதை 2013இல் வெளியான ஆய்வுகள் காட்டின. மண்சரிவிலே வீதி உடைந்தபோது, அதனைத் திருத்த வரும் தொழிலாளரை வழியிலேயே மறித்துவிட்டால் வீதி உடைந்தபடியே கிடக்குமன்றோ! ஊசி மறிக்கின்றது, கதிர் உடைக்கின்றது. கதிருக்குச் சில மாதங்களுக்கு முன்னரே ஊசியைத் தொடங்குவது கட்டியைச் சுருக்குவதற்கும் உதவுகின்றது. எத்தனை காலம் ஊசி தொடரவேண்டும் என்பது நோயின் கடுமையைப் பொறுத்தது. நடுத்தர நிலையினர்க்கு ஏறத்தாழ ஆறு மாதம். கடுமையான நிலையினர்க்கு ஒன்றரை முதல் மூன்றாண்டு வரை செல்லும்.

கதிர்ச்சிகிச்சையை எம்மவர் பலர் ‘கரண்டு’ எனச் சொல்லிவிடுவர். மின்சாரம் உடலிற் பாயாது. 1951இல் கனடாவிலே கோபாற்று-60 என்னும் கதிர்வீசும் உலோகத்தைக் கொண்ட சிகிச்சைப் பொறிகள் முதன்முதல் நோயாளருக்குப் பயன்பட்டன. தமிழ்நாட்டிலே முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் 1954இல் தொடங்கிய அடையாற்றுப் புற்றுநோய் நிறுவனம் இந்தியாவில் அச்சிகிச்சைக்கு முன்னோடியாயிற்று. இன்று பெரும்பாலும் பயன்படுவது நேர்கோட்டு வேகவளர்த்தி என்னும் பொறி. அது மின்னாற்றலால் மிக வன்மையான எக்ஸ் கதிரை ஆக்கும். பொறி நின்றதும் கதிரும் நின்றுவிடும். வெளியிலிருந்து இவ்வாறு கதிர் பெற்றவர் உடலிற் கதிர் எஞ்சியிராது. வீடு திரும்பியதும் பேரப்பிள்ளையைத் தாராளமாக மடியில் வைத்துக்கொள்ளலாம். ஒரே கோப்பையில் தேநீர் அருந்தலாம். இதனை அழுத்திச் சொல்வதற்குக் காரணம், தொற்றிவிடுமென அஞ்சித் தனிப்பாயும் தனித்தட்டும் வைக்கும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருத்தலே.

கதிரை ஒரே நாளிற் கொடுத்து முடித்தாலென்ன? நோய்க் கலத்தின் மீது விழும் கதிர் அதன் அயலிலுள்ள சிறுநீர்ப்பை, நேர்குடல் ஆகியவற்றையும் சிறிது தாக்கும். நல்ல கலம் ஒருநாள் இடைவெளியில் தன்னைச் செப்பனிட்டுக்கொள்ளும். நோய்க் கலம் அத்துணை நன்றாகச் செப்பனிடாது. ஆதலால் முழு அளவையுஞ் சிறு கூறுகளாக்கி, கிழமையில் ஐந்து நாள் கொடுப்பர். முன்னாளில் இது ஏழெட்டுக் கிழமை நீண்டது. 2016இல் பிரித்தானியாவில் 3,216 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு வெளியாயிற்று. 37 நாளிற் கொடுத்த 74 கிரே அளவுக்கு, நாளொன்றின் கூற்றைச் சற்றே பெருக்கி 20 நாளிற் கொடுத்த 60 கிரே குறைந்ததன்று என்பது அதன் முடிவு. பட்டினத்தில் வாழ்பவர்க்கு 37க்கும் 20க்குமுள்ள வேறுபாடு வசதி. மலையில் வாழ்பவர்க்கு அது சிகிச்சையை முடித்தல், முடியாமை என்பதன் வேறுபாடு. இறம்பொடையிலிருந்து கண்டி ஏறத்தாழ ஐம்பது கிலோமீற்றர். போக வர நூறு. 37 நாளென்றால் மூவாயிரத்து எழுநூறு கிலோமீற்றர், அதுவும் நோயுற்ற உடம்போடு. உடன் செல்லும் மகனுக்கு அத்தனை நாட்பேரும் இழப்பு. அண்மையில், 2024இல், நோய் கடுமையற்றவர்க்கு ஐந்தே தடவையில் முடிக்கும் முறையும் நன்றெனக் காட்டப்பட்டுள்ளது. அதற்கு மிகத் துல்லியமான பொறியும் பயிற்சியும் வேண்டும். எந்த அட்டவணை தமக்குப் பொருந்தும் என்பதை வைத்தியரே முடிவுசெய்வார். எனினும் தாம் எங்கிருந்து வருகின்றார், எத்தனை மணிக்குப் பஸ் ஏறுகின்றார் என்பதை அவருக்குச் சொல்வது நோயாளரின் கடமை. விடுதியிலே தங்கியிருந்து சிகிச்சை பெற இடமுண்டா என்றும் நாணாது கேட்கவேண்டும். சொல்லாததை வைத்தியர் அறியார்.

சிகிச்சையின் நடைமுறை எளியது. முதலில் ஒருநாள் படமெடுத்து, கதிர் பாயவேண்டிய எல்லையை அளந்து, தோலிற் சிறு குறிகள் இடுவர். அக்குறிகளை அழியாது காக்கவேண்டும். பின்னர் நாடோறும் சில நிமிடம் அசையாது படுத்திருத்தலே வேலை; நோவு இராது. ஆயினும் ஒரு நிபந்தனை மலையவர்க்குக் கொடிது. சிகிச்சை வேளையிற் சிறுநீர்ப்பை நிரம்பியும் நேர்குடல் வெறுமையாகவும் இருத்தல் வேண்டும். நிரம்பிய பை குடலை மேலே தள்ளி வைக்கும். நாடோறும் சுரப்பி ஒரே இடத்தில் நிற்கும். அரைமணிக்கொரு முறை நீர் கழிக்க ஏங்கும் ஒருவர், வளைவான பாதையில், நிறுத்தமில்லாத பஸ்ஸில் இரண்டு மணிக்கு மேல் இருந்துவிட்டு, அதன்பின் பையை நிரப்பி வைத்திருப்பதென்றால் அதன் துன்பத்தை எழுத்தில் அடக்க முடியாது. இதற்கு ஒரு வழியுண்டு. பயணத்திற் பையை நிரப்ப முயலவேண்டாம். ஆஸ்பத்திரியை அடைந்ததும் கழித்துவிட்டு, அங்குள்ளவர் சொல்லும் அளவு நீரை அவர் சொல்லும் நேரத்தில் அருந்தவேண்டும். அதற்காகப் பயணத்துக்கு முதல்நாள் முழுதும் நீரருந்தாது வாடுவதுங் கூடாது. மண்சரிவாலோ மழையாலோ ஒருநாள் தவறினால், அதை மறைக்காமல் மறுநாளே சொல்லிவிடவேண்டும், கணக்கிட்டு ஈடுசெய்வர். தவறிய நாளுக்கு நாணி அடியோடு நின்றுவிடுதலே பெருங்கேடு.

பக்கவிளைவுகளை மறைத்து எழுதுவது நேர்மையன்று. கதிரினால் சிறுநீர் எரிவும் அடிக்கடி கழிதலும், வயிற்றோட்டமும், அயர்வும் சிகிச்சைக் காலத்தில் தோன்றி, முடிந்து சில கிழமைகளில் பெரும்பாலும் தணியும். சிலருக்கு மாதங்களோ ஆண்டுகளோ கழிந்து மலத்தில் இரத்தங் காணும். அது நோய் மீண்டதென்று பொருளன்று, ஆயினும் காட்டவேண்டியது.

ஊசியின் விளைவுகள் வேறுவகை. மலைக்குளிரில் ஊர் முழுதும் கம்பளிக்குள் முடங்கிக் கிடக்கும் சாமத்திலே, இவர் மட்டும் வியர்த்து, போர்வையை உதறி எழுந்து உட்காருவார். பெண்களுக்கு மாதவிடாய் நிற்குங் காலத்தில் வரும் வெப்பெழுச்சியும் இதுவும் ஒன்றே, காரணமும் ஒப்பானதே. அதனை நன்கறிந்த மனைவி பக்கத்திலேயே இருக்கிறாள். அவளிடம் சொன்னாற் பாதித் துயர் தீரும். தசை மெலியும், வயிறு பருக்கும், நீரிழிவு தலையெடுக்கலாம், மனம் சோரும். என்பு நொய்மையடையும். செங்குத்தான படிகளிலும் வழுக்கும் ஒற்றையடிப் பாதைகளிலும் நடக்கும் எமக்கு இது சிறு செய்தியன்று. ஒரு வீழ்ச்சியில் இடுப்பென்பு முறியும். ஆதலால் படுத்தே கிடவாமல் நாடோறும் நடத்தலும், கைகால்களுக்கு வலுத் தரும் சிறு வேலைகளும், புகையும் சாராயமும் விடுதலும் மருந்தோடு ஒத்த மதிப்புடையன.

இன்னொன்று, எவரும் வாய்விடாதது. ஆண்மை விருப்பு அற்றுப்போகும். அதை மனைவி வெறுப்பெனவும், கணவர் தம் வாழ்வின் முடிவெனவும் கொண்டு, ஒரே அறை லயத்தில் ஒருவரோடொருவர் பேசாது வாழ்தல் பெருந்துயர். அஃது ஊசியின் வேலை. ஊசி தொடங்குமுன்னே இருவரையும் இருத்தி வைத்தியரோ தாதியரோ சொல்லிவிடுவது நன்று. சொல்லாவிடின் கேட்பது நன்று.

பழைய அறுவைச் சிகிச்சை பற்றி ஒரு சொல். நோய் என்புவரை பரவி, வாழ்நாள் முழுதும் ஓமோனை அடக்கவேண்டிய நிலையில் உள்ளவர்க்கு விதை நீக்கம் இன்றும் தகுதியான சிகிச்சையே. ஓரிரு நாளில் ஓமோன் இறங்கும், பொங்குதல் இல்லை, மூன்று மாதத்துக்கொரு முறை மருந்தைத் தேடி அலைதலும் இல்லை. 2022இல் நாடு பொருளாதார நெருக்கடியில் ஆழ்ந்து, எரிபொருளின்றி வண்டிகள் நின்று, மருந்துகளுக்குத் தட்டுப்பாடு வந்த காலத்தை நினைப்பவர் இதன் மதிப்பை உணர்வர். அதனை ஏழைக்குரிய தாழ்ந்த சிகிச்சை என இகழ்வதை நான் ஏற்கவில்லை. ஆனால், கதிரோடு சேர்த்து ஆறு மாதமோ மூன்றாண்டோ மட்டும் ஓமோனை அடக்கவேண்டியவர்க்கு, மீளாத அறுவை பெரும்பாலும் வேண்டுவதன்று. எந்நிலையில் எது என்பதை விளங்கிக்கொண்டே இணங்கவேண்டும்.

கதிர் முடிந்தபின் செய்யவேண்டியது அதிகமில்லை. குறித்த நாளில் ஊசி. மூன்று மாதத்துக்கோ ஆறு மாதத்துக்கோ ஒருமுறை பீ.எஸ்.ஏ. பரிசோதனை. இவையெல்லாம் எழுதப்படுவது நோயாளர் கையிலிருக்கும் கிளினிக் கொப்பியிலேதான். மழையில் நனையாதபடி பிளாஸ்ரிக் உறையிலிட்டு, பிறப்புச் சான்றிதழும் சேமலாப நிதிப் பத்திரங்களும் இருக்கும் பெட்டியிலேயே அதையும் வைக்கவேண்டும். கடைசி ஊசியின் நாளையும் அடுத்ததன் நாளையும் வீட்டிலுள்ள இளைஞர் ஒருவர் நாட்காட்டியிற் குறித்துவைத்தாற் போதும். ஊசிக்காலம் முடிந்ததும் ஓமோன் உடனே திரும்பாது. பல மாதங்கள், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் செல்லும். மிக முதியவர் சிலரிடம் முற்றாகத் திரும்புவதுமில்லை. திரும்புவோரிடத்து முதலில் நிற்பது பெரும்பாலும் அந்த நடுச்சாம வெப்பமே. ஓர் இரவு அவர் விழிக்காமலே உறங்கி எழுவார். கம்பளி போர்த்தபடியே இருக்கும்.